மின்சார ரயில் ஓட்ட ஆசையா? முதலில் கண்ணைக் காட்டுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு, ரயில் ஓட்டுநர் வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: என் மகன் இந்த வருடம் பத்தாவது பாஸ். கடற்கரை – தாம்பரம் ரயிலில் ஏறினால் மோட்டார்மேன் அறைக்குப் பின்னால் இருக்கும் பெட்டியை விட்டு நகர மாட்டான். 'அந்த வண்டியை ஓட்டணும்மா' என்கிறான். பிளஸ் ஒன் சேர்க்கவா, ஐ.டி.ஐ. சேர்க்கவா? – ஒரு தாய், குரோம்பேட்டை

பதில்: மோட்டார்மேன், அதாவது புறநகர் மின்சார ரயிலின் ஓட்டுநர் வேலைக்கு வெளியிலிருந்து நேரடியாக ஆள் எடுப்பதில்லை அம்மா. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே வாசல்தான். ரயில்வே தேர்வு வாரியமான ஆர்.ஆர்.பி. நடத்தும் அசிஸ்டென்ட் லோகோ பைலட், அதாவது உதவி ரயில் ஓட்டுநர் தேர்வு அது. சுருக்கமாக ஏ.எல்.பி. என்பார்கள். அதில் தேறி உதவியாளராகச் சேர்ந்து, சீனியர் உதவியாளர், சரக்கு ரயில் லோகோ பைலட் என்று படிப்படியாக ஏறி, அதன் பிறகே புறநகர் மின்சார ரயிலுக்கோ பயணிகள் ரயிலுக்கோ எக்ஸ்பிரஸுக்கோ வர முடியும்.

ஏ.எல்.பி. தேர்வுக்குப் பிளஸ் டூ மட்டும் போதாது. இது தெரியாமல் கணிதம், இயற்பியல் எடுத்து முடித்துவிட்டு விண்ணப்பிக்கும் நேரத்தில் திகைக்கிறவர்கள் ஏராளம். தேவையானது இவற்றில் ஒன்று: பத்தாம் வகுப்போடு, தேசிய அல்லது மாநிலத் தொழிற்பயிற்சிக் குழுமம் அங்கீகரித்த ஐ.டி.ஐ. சான்றிதழ், அல்லது பத்தாம் வகுப்போடு, அப்ரெண்டிஸ் சட்டப்படி முடித்த தொழிற்பழகுநர் பயிற்சி, அல்லது மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல் பிரிவுகளில் மூன்று வருட டிப்ளமோ. இதே பிரிவுகளில் பி.இ. முடித்தவர்களும் எழுதலாம்.

ஐ.டி.ஐ.யிலும் எல்லாத் தொழிற்பிரிவும் செல்லாது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், ஒயர்மேன், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், டீசல் மெக்கானிக், மோட்டார் வாகன மெக்கானிக், குளிர்சாதன மெக்கானிக் போன்றவை பட்டியலில் இருக்கின்றன. எங்களைக் கேட்டால் எலக்ட்ரீஷியன் அல்லது ஃபிட்டர். இரண்டும் இரண்டு வருடப் படிப்பு. தேர்வின் இரண்டாம் கட்டத்தில் தொழிற்பிரிவுப் பாடத்திலிருந்தே 75 கேள்வி வரும். பிறகு ரயில்வே பயிற்சியில் டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், கம்ப்ரஸர், பிரேக் என்று தொடங்கும்போது இந்த இரண்டும் படித்தவருக்குக் கை பழகியிருக்கும். ஏ.எல்.பி. தேர்வு தவறிவிட்டால்கூட, ஐ.டி.ஐ. வேறு வேலை கிடைக்கும் படிப்பு என்பதையும் மறக்க வேண்டாம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு.

ஆனால் விண்ணப்பப் படிவம் வாங்கப் போவதற்கு முன்னால் பையனை ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: எலக்ட்ரிக்கல் டிப்ளமோ இறுதியாண்டு படிக்கிறேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25 கண்ணாடி. லேசிக் செய்துகொண்டால் ஏ.எல்.பி. ஆகலாம் என்று கோச்சிங் சென்டரில் சொன்னார்கள். நம்பலாமா? – வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நம்ப வேண்டாம் தம்பி. பார்வைக் குறையைச் சரிசெய்ய லேசிக்கோ அதைப் போன்ற வேறு அறுவையோ செய்துகொண்டவர்களுக்கு இந்தப் பதவி கிடையாது என்று தேர்வு அறிவிப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். 'பவர் இறங்கிவிட்டது, இனி யாருக்குத் தெரியப் போகிறது' என்று நினைக்கக் கூடாது. கருவிழியின் வளைவையும் தடிமனையும் அளக்கும் கருவியில் அந்த மாற்றம் தெரியும்.

ரயில்வேயில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு மருத்துவத் தரம் உண்டு. ஏ.எல்.பி.க்கு உரியது ஏ-1, இருப்பதிலேயே கடுமையானது. தூரப் பார்வை இரண்டு கண்ணிலும் கண்ணாடி இல்லாமல் 6/6 இருக்க வேண்டும். கிட்டப் பார்வைக்கும் கண்ணாடி கூடாது. அதோடு நிறப்பார்வை, இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் திறன், பக்கவாட்டில் எவ்வளவு தூரம் தெரிகிறது, இரவிலும் மங்கிய வெளிச்சத்திலும் எப்படித் தெரிகிறது என்று வரிசையாகப் பார்ப்பார்கள்.

பலர் கேள்விப்படாதது ஃபாகிங் சோதனை. கண்ணுக்கு முன்னால் பிளஸ் 2 பவர் லென்ஸை வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். நல்ல கண்ணுக்கு அந்த லென்ஸ் பனி மூடியது போல மங்கலாகத்தான் காட்ட வேண்டும். அப்போதும் கடைசி வரியைத் தெளிவாகப் படித்தால், உள்ளே மறைந்திருக்கும் பிளஸ் பவரை இளம் வயதுக் கண் தசை இறுக்கிப் பிடித்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நாற்பதை நெருங்கும்போது அது வெளியே வந்துவிடும். 'எனக்கு 6/6 இருக்கிறது' என்று தைரியமாகப் போய் இதில் தவறுகிறவர்கள் உண்டு.

நிறப்பார்வை இன்னொரு கண்ணி. புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டுவார்கள். இருட்டறையில் சின்னத் துளை வழியாக வரும் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எட்ரிட்ஜ் கிரீன் விளக்குச் சோதனையும் உண்டு. சிவப்பு – பச்சை குழப்பம் ஆண்களிடம் அதிகம், தாய்வழியில் வரும். அம்மாவின் அப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்தால் பையனை அவசியம் சோதியுங்கள். இருப்பவருக்கே அது தெரியாது. பச்சைச் சட்டையையும் சிவப்புச் சட்டையையும் சாயலை வைத்துப் பிரித்துப் பழகியிருப்பார்கள். மழை இரவில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் புள்ளியாகத் தெரியும் விளக்கில் சாயல் இருக்காது.

உங்கள் நிலைமைக்கு வருவோம். மைனஸ் 1.25 என்பது ஏ-1 தரத்துக்கு ஆகாது. எல்லாத் தேர்வும் தேறி மருத்துவச் சோதனையில் தவறினால், அதற்குப் பதில் வேறு பதவி தருவதும் இல்லை. அதே டிப்ளமோவை வைத்துக்கொண்டு ஆர்.ஆர்.பி.யின் ஜூனியர் இன்ஜினீயர், டெக்னீஷியன் பதவிகளுக்கு முயலுங்கள். அவற்றில் கண்ணாடி அணிந்தும் சேரக்கூடிய இடங்கள் இருக்கின்றன. எந்தப் பதவிக்கு எந்த மருத்துவத் தரம் என்று அறிவிப்பின் இணைப்பில் அட்டவணையாகவே போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்தவள் நான். என் தம்பி பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். நாங்கள் எழுதலாமா? – வாசகி, நாமக்கல்

பதில்: இரண்டு பேரும் முடியாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் அந்த நான்கு பிரிவுக்குள் வராது. இறுதித் தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்க முடியாது. கடைசித் தேதியில் தகுதி கையில் இருக்க வேண்டும். வயது 18 முதல் 30. ஓ.பி.சி.க்கு 3 வருடமும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருடமும் தளர்வு உண்டு.

கேள்வி: தேர்வு எத்தனை கட்டம்? எங்கே அதிகம் பேர் தவறுகிறார்கள்? தமிழில் எழுதலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவெறும்பூர்

பதில்: முதல் கணினித் தேர்வு 75 கேள்வி, 60 நிமிடம். கணிதம், மனத்திறன், பொது அறிவியல், பொது அறிவு. இது வடிகட்டத்தான். இதில் வாங்கும் மதிப்பெண் இறுதிப் பட்டியலுக்குச் சேராது. ஆகவே இதில் முதலிடம் வாங்க உழைப்பை எல்லாம் கொட்ட வேண்டியதில்லை. அடுத்த கட்டத்துக்குள் நுழைந்தால் போதும்.

இரண்டாம் கணினித் தேர்வில் இரண்டு பகுதி. பகுதி அ 100 கேள்வி, 90 நிமிடம். கணிதம், பகுத்தறிவு, அடிப்படை அறிவியலும் பொறியியலும். பொறியியல் என்றவுடன் மிரள வேண்டாம். வரைபடம் பார்ப்பது, அலகுகள், நெம்புகோல், வெப்பம், அடிப்படை மின்சாரம் என்று ஐ.டி.ஐ. அளவிலேயே இருக்கும். பகுதி ஆ தொழிற்பிரிவுப் பாடம், 75 கேள்வி, 60 நிமிடம். இதில் 35 சதவீதம் வாங்கித் தேறினால் போதும், ஆனால் எந்தப் பிரிவினருக்கும் இந்த 35-இல் சலுகை கிடையாது. கோச்சிங் சென்டர்கள் கணிதத்தைப் பிழிந்து எடுப்பார்கள். தொழிற்பிரிவுப் புத்தகத்தைப் பெரும்பாலும் தொடவே மாட்டார்கள். பகுதி அ-வில் பிரமாதமாக எழுதியும் ஆ-வில் 35-ஐத் தொடாமல் வீடு திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஐ.டி.ஐ. பாடப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு கணினித் தேர்விலும் ஒரு தவறான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் கழியும். இவற்றைத் தமிழில் எழுதலாம்.

மூன்றாவது கட்டம்தான் இந்தப் பதவிக்கே உரியது. கணினி வழி உளத்திறன் தேர்வு, சி.பி.ஏ.டி. நினைவாற்றல், சொன்ன கட்டளையை அப்படியே பின்பற்றுவது, ஆழம் உணர்வது, கவனம் சிதறாமல் இருப்பது, கண்ணால் சட்டென்று ஒப்பிடுவது என்று ஐந்து சோதனை. ஒவ்வொன்றிலும் குறைந்தது 42 டி-ஸ்கோர் (மற்றவர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவது) வேண்டும். நான்கில் கொடிகட்டிப் பறந்து ஒன்றில் 41 வாங்கினால் ஆட்டம் முடிந்தது. சாதி, பாலினம் எதற்கும் சலுகை இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிவதும் இல்லை. இந்தத் தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் நடக்கிறது. கேள்விகளில் பெரும்பாலும் படமும் எண்ணும் வடிவமும்தான். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் வரும் விளக்கத்தை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்வழிப் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். லக்னோவில் இருக்கும் ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் இணையதளத்தில், உளவியல் பிரிவின் பக்கத்தில் மாதிரி வினாக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த விளக்க வாக்கியங்களைப் பத்து முறை படித்துப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இறுதித் தரவரிசைக்கு இரண்டாம் தேர்வின் பகுதி அ 70 சதவீதம், சி.பி.ஏ.டி. 30 சதவீதம். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவச் சோதனை.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. முதலாவது, சாதிச் சான்றிதழ். பி.சி., எம்.பி.சி. என்று மாநில அரசு தரும் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற குறிப்போடு வாங்க வேண்டும். இரண்டாவது, பெயர். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் 'கே. செந்தில்' என்றும் ஆதாரில் 'செந்தில் குமாரசாமி' என்றும் இருந்தால் சிக்கல். இனிஷியலை முன்கூட்டியே ஒன்றுபடுத்திவிடுங்கள். மூன்றாவது, பார்வைச் சான்றிதழ். அறிவிப்பில் உள்ள படிவத்தில் கண் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி, அசலை சி.பி.ஏ.டி. அன்று கையில் கொண்டுபோகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள்.

நாடு முழுவதும் ஏதாவது ஓர் ஆர்.ஆர்.பி.க்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். இரண்டுக்குப் போட்டால் இரண்டும் தள்ளுபடி. 2024 அறிவிப்பில் முதலில் 5,696 இடம் என்று சொல்லிவிட்டுப் பிறகு 18,799 ஆக உயர்த்தினார்கள். 2025-இல் 9,970. ஆகவே முதல் அறிவிப்பின் எண்ணிக்கையைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஆறு லட்சம் கொடுத்தால் மோட்டார்மேன் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். தெற்கு ரயில்வே முத்திரை போட்ட கடிதம்கூடக் காட்டினார். – வாசகர், திருவள்ளூர்

பதில்: மோசடி. மோட்டார்மேன் என்று நேரடி நியமனமே கிடையாது என்பதை மேலே சொல்லிவிட்டோம். அதுவே போதுமான அத்தாட்சி. பணம் கொடுக்காதீர்கள், சான்றிதழ் அசலையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் கூச்சப்படாமல் போலீஸில் புகார் கொடுங்கள். உண்மையான தேர்வுக் கட்டணம் 500 ரூபாய். அதிலும் முதல் தேர்வை எழுதினால் 400 ரூபாய் திரும்ப வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் கட்டணம் 250, அது முழுவதுமே திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: தேர்வான பிறகு என்ன பயிற்சி தருகிறார்கள்? உதவியாளர் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பதுதானா? – வாசகர், ஜோலார்பேட்டை

பதில்: சும்மா உட்கார இடமே இல்லை. பயிற்சி முதலில் வகுப்பறையில். ரயில்வேயின் பொது விதிகள் வரிக்கு வரி மனதில் ஏற வேண்டும். எந்த சிக்னலுக்கு என்ன செய்ய வேண்டும், சிக்னல் கெட்டுவிட்டால் எந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நகர வேண்டும், தடம் புரண்டால் முதல் வேலை என்ன. அதன் பிறகு இன்ஜின். மேலே கம்பியிலிருந்து, அதைத் தொட்டபடி கூரைமேல் நிற்கும் பான்டோகிராஃப் சட்டம் வழியாக 25,000 வோல்ட் இறங்கி, சர்க்யூட் பிரேக்கர், டிரான்ஸ்ஃபார்மர் தாண்டி மோட்டாருக்குப் போகும் வழி முழுவதையும் தாளில் வரையத் தெரிய வேண்டும். வழியில் வண்டி நின்றுவிட்டால் எந்த ரிலே விழுந்தது, எந்த ஃப்யூஸ் போனது என்று அந்தப் படத்தை மனதில் ஓட்டித்தான் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு சிமுலேட்டர், அதன்பின் அனுபவசாலிகளோடு வண்டியில்.

உதவியாளரின் கண்ணும் வாயும் ஓயக் கூடாது. தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் லோகோ பைலட் 'ஒற்றை மஞ்சள்' என்றால் உதவியாளரும் தன் கண்ணால் பார்த்து 'ஒற்றை மஞ்சள்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதைக் கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொன்னால் அது பார்த்ததாக ஆகாது. இந்த ஒரு பழக்கம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான், சிவப்பு சிக்னலைத் தாண்டியவர்களுக்குக் கடும் தண்டனை வைத்திருக்கிறார்கள். வேலையே போகலாம்.

வண்டி தடம் புரண்டு பக்கத்துத் தண்டவாளத்தை அடைத்துவிட்டால், எதிரே வரும் ரயிலை நிறுத்த உதவியாளர் ஓட வேண்டும். கையில் சிவப்புக் கொடியும் டெட்டனேட்டரும். டெட்டனேட்டர் என்பது தட்டையான சின்ன டப்பா மாதிரி இருக்கும். தண்டவாளத்தின் தலையில் வைத்து, இரண்டு பக்கமும் இருக்கும் தகட்டை மடக்கிவிட வேண்டும். சக்கரம் ஏறினால் பலத்த சத்தத்தோடு வெடிக்கும், வண்டிக்குச் சேதம் வராது. அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. 600 மீட்டரில் முதலில் ஒன்றை வைத்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்வது எதற்கென்றால், 1,200-ஐ எட்டுவதற்குள் வண்டி வந்துவிட்டால் அந்த ஒன்றாவது எச்சரிக்கும். ஜல்லிக் கல்லில் 1,200 மீட்டர் ஓடிப் பாருங்கள், உடல் தகுதி ஏன் கேட்கிறார்கள் என்று புரியும்.

கேள்வி: சரக்கு ரயில் ஓட்டியவருக்குப் புறநகர் மின்சார ரயில் சுலபமாக இருக்காதா? மோட்டார்மேனாக எத்தனை வருடம் ஆகும்? – வாசகர், ஆவடி

பதில்: வருடக் கணக்கு காலியிடத்தையும் சீனியாரிட்டியையும் பொறுத்தது. ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்கே கோட்டத்துக்குக் கோட்டம் மாறும்.

சுலபமா என்றால், இல்லை. அது வேறு வித்தை. சரக்கு வண்டியில் இரண்டு பேர். மின்சார ரயிலின் முன் அறையில் மோட்டார்மேன் ஒருவர்தான். கார்டு, அதாவது இப்போதைய பெயரில் ட்ரெயின் மேனேஜர், கடைசிப் பெட்டியில் இருப்பார். இருவருக்கும் நடுவே மணிச் சத்தம்தான் பேச்சு. இரண்டு மணி அடித்தால் புறப்படு, ஒரு மணி அடித்தால் நிறுத்து. தனி ஆள் என்பதால் மோட்டார்மேன் பதவிக்குத் தனி உளவியல் தேர்வும் வைக்கிறார்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கைப்பிடியில் டெட்மேன் ஏற்பாடு இருக்கிறது. ஓடும்போது அழுத்திப் பிடித்திருக்கும் கையை விட்டால், ஓட்டுபவர் மயங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு பிரேக் தானாகவே விழும்.

உண்மையான திறமை நிறுத்துவதில் இருக்கிறது. கடற்கரை – தாம்பரம் சுமார் 30 கிலோமீட்டர். சராசரியாக ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். எடுத்தால் நிறுத்தம், நிறுத்தினால் புறப்பாடு. 12 பெட்டி வண்டி, அதற்கென்று வைத்திருக்கும் பலகைக்கு நேராக நிற்க வேண்டும். பலகைக்கு முன்பே நின்றால் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்துக்கு வெளியே மாட்டிக்கொள்ளும். மின்சார ரயிலில் இ.பி. பிரேக். மின்சார ஆணை எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில் போய், காற்று அழுத்தம் எல்லாப் பெட்டியிலும் சேர்ந்து ஏறும். நன்றாக ஓட்டுபவர் பிளாட்பாரத்தின் தொடக்கத்திலேயே தேவையான அழுத்தத்தைக் கொடுத்துவிட்டு, வேகம் குறையக் குறைய அழுத்தத்தைத் தளர்த்திக்கொண்டே வருவார். பலகையருகே வரும்போது பிரேக் ஏறக்குறைய விட்டிருக்கும், வண்டி தானாக அமர்ந்த மாதிரி நிற்கும். புதியவர் முதலில் தயங்கித் தயங்கிக் கொடுத்துவிட்டு, கடைசியில் பலகை நெருங்குவதைப் பார்த்துப் பதறி அழுத்துவார். அதுதான் நின்றுகொண்டிருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாயும் அந்தக் குலுக்கல். கதவு திறந்தே ஓடும் பெட்டியில், படியில் தொங்குகிறவர்கள் இருக்கும்போது இது வெறும் சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல.

மழை தொடங்கிய முதல் சில நிமிடம் இன்னும் மோசம். தண்டவாளத்தில் படிந்த தூசியும் எண்ணெயும் தூறலில் குழைந்து வழுக்கும். அந்த நேரத்தில் வழக்கமான இடத்தில் வழக்கமான அளவு பிரேக் போட்டால் சக்கரம் சுழலாமல் சறுக்கும். நிற்கும் தூரம் கூடுவது ஒரு பக்கம். சறுக்கிய சக்கரம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகி, பிறகு ஓடும்போதெல்லாம் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். மழையில் முன்கூட்டியே, மெல்லத் தொடங்க வேண்டும்.

நியூட்ரல் செக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது. ஒரு துணைமின் நிலையத்தின் பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மேல்கம்பியில் கொஞ்ச தூரம் மின்சாரம் இருக்காது. 500 மீட்டருக்கு முன் ஒரு பலகை, 250 மீட்டரில் இன்னொன்று. கைப்பிடியை ஆஃப் செய்து, சர்க்யூட் பிரேக்கரைத் திறந்து, வண்டி ஓடும் வேகத்திலேயே கடந்து, மறுபக்கப் பலகையில் மறுபடி மூட வேண்டும். அங்கே வண்டி நின்றுவிட்டால் தானாக நகர வழியில்லை. முன்னால் சிக்னல் மஞ்சளாக இருக்கும்போது இந்த இடத்துக்குள் எந்த வேகத்தில் நுழைவது என்பதை யோசித்துத்தான் வர வேண்டும்.

இதனால்தான் பாதை தெரியாதவரிடம் வண்டியைக் கொடுப்பதில்லை. புதிய பிரிவில் ஓட்டுவதற்கு முன் இரவு ஓட்டமும் சேர்த்துப் பாதைப் பழக்க ஓட்டங்கள் போய், 'இந்தப் பாதை எனக்குத் தெரியும்' என்று கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் மறுபடி பழக வேண்டும்.

கேள்வி: மகளை இந்த வேலைக்கு அனுப்பலாமா? உறவுக்காரர்கள் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள். – தந்தை, விருதுநகர்

பதில்: அனுப்பலாம். மகாராஷ்டிரத்தின் சாதாராவைச் சேர்ந்த சுரேகா யாதவ் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு 1989-இல் உதவி ஓட்டுநரானார். இந்தியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் அவர். மலைப்பாதை, மும்பைப் புறநகர் ரயில், 2023-இல் வந்தே பாரத் என்று எல்லாம் ஓட்டி 2025-இல் ஓய்வு பெற்றார். தேர்வு, பயிற்சி, சம்பளம் எதிலும் பெண்ணுக்கு வேறு விதி இல்லை.

கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். இரவுப் பணி உறுதி. வெளியூர் ஓய்வறையில் தங்க வேண்டிவரும். இன்ஜின்களில் நீண்ட காலம் கழிப்பறையே இல்லை. இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பொருத்தி வருகிறார்கள். இதற்குப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பது உடம்பைக் கெடுக்கும் விஷயம். ரயில்வே இதை எப்போதோ முடித்திருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. மகளுக்கு விருப்பம் இருந்தால் இந்த விவரங்களை அவளிடமே சொல்லி அவளையே முடிவெடுக்க விடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால், ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக்கில் சேரும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

கேள்வி: சம்பளம் எவ்வளவு? ஓய்வு கிடைக்குமா? – வாசகர், காட்பாடி

பதில்: 7-வது ஊதியக் குழு அட்டவணைப்படி ஏ.எல்.பி.க்கு அடிப்படைச் சம்பளம் 19,900. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. யாராக இருந்தாலும் இதுதான். சரக்கு ரயில் லோகோ பைலட் ஆனால் 35,400-இல் தொடங்கும். இதற்கு மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, ஓட்டிய தூரத்துக்கு கிலோமீட்டர் படி. ஓய்வூதியம் கணக்கிடும்போது அடிப்படைச் சம்பளத்தோடு 55 சதவீதம் கூட்டிக் கணக்கிடுவது ஓட்டும் பணியாளர்களுக்கு மட்டும் உள்ள சலுகை.

எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்துத் தலைமையிடம் திரும்பினால் 16 மணி நேர ஓய்வு, எட்டுக்குக் குறைந்தால் 12. மாதத்தில் 30 மணி நேரமாக நான்கு முறை, அல்லது 22 மணி நேரமாக ஐந்து முறை தொடர் ஓய்வு. இதெல்லாம் விதி. ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில் இது நெருக்கடிக்கு உள்ளாவதைத் தொழிற்சங்கங்கள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. ஞாயிறு, தீபாவளி என்று கிழமை பார்த்து விடுமுறை வராது. பணிக்கு வரும்போதே மூச்சுப் பரிசோதனை உண்டு. 45 வயது வரை நான்கு வருடத்துக்கு ஒருமுறை, 55 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம் மருத்துவச் சோதனை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இந்தத் தொழிலில் சம்பளத்தையே பாதிக்கும் நோய்கள்.

கேள்வி: சென்னை மெட்ரோவில் ஓட்டுநராக என்ன செய்ய வேண்டும்? இனி ஆளில்லாமலேயே ஓடுமாமே? – வாசகி, பூந்தமல்லி

பதில்: மெட்ரோ, ஆர்.ஆர்.பி.க்குக் கட்டுப்பட்டது அல்ல. தனி நிறுவனம், தனி அறிவிப்பு. அங்கே பதவியின் பெயர் ட்ரெயின் ஆபரேட்டர். எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் டிப்ளமோ கையில் இருந்தால் வாய்ப்பு அதிகம். ஒப்பந்த நிறுவனம் வழியாகவும் ஆள் எடுக்கிறார்கள். ஆகவே சேரும் முன் நியமனம் யாருடைய பெயரில், எத்தனை வருடத்துக்கு என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2015 ஜூன் 29-இல் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே தொடங்கிய முதல் கட்டத்தில் வண்டியின் வேகத்தையும் நிறுத்தத்தையும் கணினியே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆபரேட்டர் கதவையும் பிளாட்பாரத்தையும் பாதையையும் கவனிக்கிறார். கணினி கைவிரித்தால் கையால் ஓட்டுகிறார். அந்தக் கடைசி வேலைக்காகத்தான் பயிற்சி முழுவதும். நாள் முழுக்கத் தானாக ஓடும் வண்டியில் கை பழக்கம் விட்டுப்போவது இயல்பு. அதனால் அவ்வப்போது கையால் ஓட்டிப் பழகவும் வைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் கட்டத்துக்கு வாங்கப்படுபவை ஓட்டுநர் இல்லாமல் ஓடக்கூடிய மூன்று பெட்டி வண்டிகள். தில்லியில் மெஜந்தா பாதையில் 2020 டிசம்பரிலேயே இது வந்துவிட்டது. ஆகவே மெட்ரோவை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். அதே டிப்ளமோவை வைத்துக்கொண்டு ஏ.எல்.பி.யும் எழுதுங்கள். மெட்ரோவில் கட்டுப்பாட்டு அறை, பணிமனை, சிக்னல் பராமரிப்பு என்று மற்ற வேலைகளையும் பாருங்கள். வண்டியில் ஆள் குறைந்தாலும் அங்கே ஆள் தேவை.

கேள்வி: பல்லாவரம் அருகே எங்கள் மின்சார ரயில் சிவப்பு விளக்கில் நின்றது. சற்று நேரம் கழித்து, விளக்கு மாறாமலேயே மெதுவாகத் தாண்டிப் போனது. இது விதிமீறல் இல்லையா? – தினசரிப் பயணி

பதில்: அது தானியங்கி சிக்னலாக இருந்தால் விதிமீறல் இல்லை. அந்தக் கம்பத்தில் 'ஏ' என்ற எழுத்துள்ள வட்டப் பலகை இருக்கும். அதில் சிவப்பு எரிந்தால் மோட்டார்மேன் முழுமையாக நிறுத்தி, பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மாறாவிட்டால், முன்னால் எதுவும் நின்றால் உடனே நிறுத்தக்கூடிய வேகத்தில் ஊர்ந்து அடுத்த சிக்னல் வரை போகலாம். 'ஏ' பலகை இல்லாத சிவப்பை இப்படித் தாண்டக் கூடாது. அதற்கு நிலைய அதிகாரியின் எழுத்து அனுமதியோ உரிய வேறு அடையாளமோ வேண்டும். அடுத்த முறை வண்டி நின்றால் கம்பத்தைக் கவனியுங்கள். படியில் தொங்காமல், ஜன்னல் வழியாக.